கொசுறுக் கணக்கு

— இன்னொரு தபா சொல்லு தரணி. நாலு டஜன் வாழப்பழம். மொத்தம் எத்தினி?

— ஃபிஃப்டி டூ, நைனா.

— அம்பத்திரெண்டா?

— ஆமா. ஃபிஃப்டி டூ.

— கவனமா கேளு. நாலு பன்னெண்டு எத்தினி?

— ஃபார்ட்டி எய்ட்.

— ஆங், அப்படி வா வழிக்கு. அப்போ நாலு டஜன் வாழப்பழம்?

— ஃபிஃப்டி டூ.

— அம்சா, உம் பொண்ணு என்னைப் பைத்தியமாக்கறதுன்னே முடிவு பண்ணிட்டா.

— மெதுவா சொல்லிக் குடு மாமா. மத்தியானத்துலேருந்து அதுவும் இந்த வண்டி நெழல்லதான் குந்திக்கினு இருக்குது. வாங்கய்யா, நல்ல பழம், இன்னிக்குக் காலைல வந்த தாரு, சாமிக்கும் வைக்கலாம்... போய்ட்டாரு.

— மெதுவாவா? நான் காலைல மூணரைக்கு எழுந்தவன். ஸ்ரீசிட்டி கம்பெனிக்குப் போய் எட்டு மணி நேரம் நின்ன வாக்குல வேலை. பஸ்ல ஒக்காந்தா கண்ணு சொருகுது, எழுந்தா காலு நடுங்குது. வூட்டுக்குக் கூடப் போவாம நேரா இங்க வந்து இவளோட மல்லுக்கட்டறேன்.

— உன் கண்ணு செவந்திருக்குது நைனா. ஒரு பழம் துன்னு.

— பழம் வேணாம்டா கண்ணு. கணக்கு வேணும். நாளைக்குக் காலைல பரீட்சை. இந்தப் பேப்பரை எடு. போன வாரம் பிரமிளா மேடம் வச்ச டெஸ்ட்டு. கீழ செவப்பு மையில இன்னா எழுதிக்கிறாங்க, படி.

— ரெண்டு தபா படிச்சிட்டேன்.

— மூணாவது தபா படி. அம்மாவும் கேக்கட்டும்.

— "இருபது கணக்குல பதினாலு தப்பு. வருசப் பரீட்சையில முப்பத்தஞ்சு வரலன்னா மறுபடியும் மூணாங்கிளாஸ்."

— கேட்டியா அம்சா? மேடம் நேர்லயும் சொன்னாங்க. தெலுங்கு, இங்கிலீசு எல்லாம் நல்லா எழுதுது, கணக்குதான் இப்படின்னாங்க. வேணும்னு சொல்லல பாவம், அவங்களுக்கும் மனசு கஷ்டமாத்தான் இருந்தது.

— அரையாண்டுல எழுவத்திரெண்டு மார்க்கு வாங்குச்சே மாமா இதே பொண்ணு. அந்தப் பேப்பரை நான் சாமி படத்துக்குப் பின்னால சொருவி வச்சிருக்கிறேன்.

— அதான் எனக்கும் புரியல. மார்ச்சுல அரைநாள் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க பாரு, அப்ப புடிச்சது. வெயில்ல மூளை கரைஞ்சிடுச்சோ இன்னாவோ.

— என் மூளை கரையல நைனா. ப்ராமிஸ்.

— சரி, வேற கேக்கறேன். ரமா ஒரு கடையில இருவது மாங்கா வாங்கினா. இன்னொரு கடையில பதினஞ்சு மாங்கா வாங்கினா. மொத்தம் எத்தினி?

— தர்ட்டி செவன்.

— முப்பத்தேழு. சரி. இருவதும் பதினஞ்சும்?

— தர்ட்டி ஃபைவ்.

— அந்த ரெண்டு எங்கேர்ந்துடி வந்தது?

— ரெண்டு கடையாச்சே நைனா.

— ரெண்டு கடைன்னா?

— ரெண்டு கடைன்னா ரெண்டு.

— முருகா! இதையும் கேளு. ஒரு கடைக்காரர் கிட்ட அம்பது முட்டை இருந்தது. ரெண்டு டஜன் வித்துட்டாரு. மீதி?

— ட்வென்ட்டி ஃபோர்.

— இருவத்தாறுடி! இதுல கொறையுது. அதுல ஏறுது. வெறும் எண்ணைக் கேட்டா பட்டு பட்டுன்னு சொல்றா. கடைன்னு ஒரு வார்த்தை வந்தா எல்லாம் புட்டுக்கிது. அம்சா, நான் நாலாவதுல பெயிலாகி ஒக்காந்தவன், தெரியுமில்ல?

— தெரியும் மாமா.

— பிச்சாட்டூர்ல. என்னோட படிச்சவனுங்கல்லாம் அஞ்சாவதுக்குப் போய்ட்டானுங்க. எந் தம்பி என் பக்கத்துல வந்து ஒக்காந்தான். "அண்ணா, நகரு"ன்னான். அவ்ளோதான். அன்னிக்குப் பையைத் தூக்கிக்கினு வந்தவன், திரும்பிப் போவல. எங்கப்பன் மாட்டை என் கையில புடிச்சிக் குடுத்துட்டாரு. இன்னிக்கு வரைக்கும் கம்பெனியில ஒரு ஃபாரம் நிரப்பணும்னா, பக்கத்துல நிக்கற பையன் கையைப் புடிக்கிறேன். இவளும் அப்படி நிக்கக் கூடாது.

— நிக்க மாட்டா. ஏழுமலையான் இருக்கிறான்.

— ஏழுமலையான் வந்து பரீட்சை எழுத மாட்டான் அம்சா.

— வாங்க சார். எத்தினி டஜன்? ஒண்ணா? தரணி, அந்தப் பையை எடு. சின்னதா இருந்தாலும் தேனு மாதிரி இருக்கும் சார். எண்ணிக்கோங்க.

— ஏம்மா, ஒரு நிமிஷம். பன்னெண்டு கேட்டேன், பதிமூணு இருக்கே? தெரியாம வெச்சுட்டீங்க போல. இந்தாங்க.

— தெரிஞ்சிதான் சார் வச்சேன். கொசுறு.

— நான் கேக்கவே இல்லையே.

— கேட்டாத்தான் குடுக்கணுமா? நடந்து மலை ஏறுறீங்க. பாதி வழியில கொழந்த பசின்னு சொல்லும். எடுத்துக்கினு போங்க. நல்லா தரிசனம் பண்ணுங்க.

— ரொம்ப சந்தோஷம்மா. வேலூர்லேருந்து வர்றோம். உங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கிறேன்.

— எங்களுக்கு வேணாம் சார். இதோ இதுக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை. அதுக்கு வேண்டிக்கோங்க.

— கண்டிப்பா. வரேன் பாப்பா, நல்லா எழுது.

— நைனா, பாத்தியா? ஒரு டஜன்.

— இன்னா பாத்தியா?

— இப்ப அம்மா குடுத்தாங்களே. ஒரு டஜன். தர்ட்டீன்.

— ஒரு டஜன்... பதிமூணு...

— நைனா? தூங்கிட்டியா?

— இல்ல. முழிச்சிக்கினேன். இங்க வா. ரமா ரெண்டு கடையில மாங்கா வாங்கினா இல்ல? முப்பத்தேழு எப்படி வந்தது, மறுபடி சொல்லு.

— மொத கடையில இருவது, கொசுறு ஒண்ணு. ரெண்டாவது கடையில பதினஞ்சு, கொசுறு ஒண்ணு.

— முட்டைக்காரரு?

— அவரு ரெண்டு டஜன் வித்தாரு. ரெண்டு கொசுறு போச்சி. மீதி ட்வென்ட்டி ஃபோர். மேடம் எல்லாத்தையும் தப்புன்னு போட்டுட்டாங்க. எதுக்குன்னே தெரியல.

— அடியே! மேடம் கிட்ட சொல்ல வேண்டியதுதானே?

— எல்லா கடையிலயும் அப்படித்தான்னு மேடத்துக்குத் தெரியும்னு நெனச்சேன்.

— சிரிக்காத அம்சா. சிரிக்கற விசயமா இது? பதினாலு கணக்கு தப்பு. பதினாலும் நீ போட்ட கொசுறு.

— சிரிக்கல மாமா. இருமல்.

— தரணி, நல்லா கேட்டுக்கோ. ஒரு டஜன்னா பன்னெண்டு. உலகம் பூரா பன்னெண்டு. புத்தகத்துல கொசுறு கெடையாது.

— ஏன்? அந்தக் கடைக்காரர் கிட்ட பழம் கம்மியா?

— கம்மியில்ல. குடுக்க மாட்டாரு.

— கெட்டவரா?

— கெட்டவரில்லம்மா. கணக்குக்காரரு.

— அப்ப ரமா ஏன் அந்தக் கடைக்கே போறா? நம்ம கடைக்கு வரலாமில்ல?

— வருவா, வருவா. பரீட்சை முடியட்டும், நானே இட்டுனு வரேன். நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும், பேப்பர்ல வர்ற கடைங்க எல்லாம் கொசுறு குடுக்காத கடைன்னு நெனச்சிக்கோ. முடியுமா?

— எல்லா கடையுமா?

— எல்லா கடையும்.

— பாவம் நைனா, வாங்க வர்றவங்க.

— பாவம்தான். சொல்லு, நாலு டஜன்?

— ஃபிஃப்... ஃபார்ட்டி எய்ட்.

— ரமாவோட மாங்கா?

— தர்ட்டி ஃபைவ்.

— முட்டைக்காரரு கிட்ட மீதி?

— ட்வென்ட்டி சிக்ஸ். அவருக்கு நல்ல லாபம்.

— எந் தங்கமே! கேட்டியா அம்சா? மூணும் சரி. இன்னும் பத்து கணக்கு போட்டா நாளைக்கு நிம்மதி. தரணி, பொன்னியம்மா பூ வண்டி கிட்ட கொழாயில தண்ணி வருதா பாரு. வந்தா இந்த பாட்டில் ரொப்பிக்கினு வா. மூஞ்சி கழுவிக்கோ. ஓடாத, நடந்து போ.

— பாத்தியா மாமா? கொழந்த மேல தப்பே இல்ல. அது கண்ணால பாத்ததை எழுதிச்சி.

— அதைத்தான் நானும் சொல்றேன். அரைநாள் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சதுலேருந்து இங்கயே குந்திக்கினு அது உன்னைப் பாத்துக் கத்துக்கிது. இனிமே பன்னெண்டோட நிறுத்திக்கோ.

— பரீட்சை முடியற வரைக்குமா?

— எப்பவுமே. கேக்கறவங்களுக்கு மட்டும் நீ ஒண்ணு போடறதா நெனச்சிக்கினு இருந்தேன். அது எல்லா வண்டியிலயும் இருக்கறதுதான். கேக்காதவனுக்கும் போடறியே! அவன் வேணாம்னு திருப்பிக் குடுக்கறான், நீ மறுபடி அவன் பையில போடற. எத்தினி வருசமா?

— வண்டி போட்ட நாள்லேருந்து.

— ஒவ்வொரு டஜனுக்குமா?

— ஒவ்வொரு டஜனுக்கும். ஒரு நாள் கூட விடல.

— சாமிக்கு ஏதாவது நேந்துக்கினியா?

— சாமிக்கு இல்ல.

— அப்பறம் யாருக்கு? நான் அங்க நின்னு நின்னு காலு வீங்கி வரேன். நீ இங்க வெயில்ல நின்னு கறுத்துப் போற. அந்தப் பதிமூணாவது பழம் நம்மள வாழ வைக்கப் போவுதா? சொல்லு. கோவமா கேக்கல. அலுத்துப் போயி கேக்கறேன்.

— தெரியும் மாமா. குந்து. இந்தப் பொட்டி மேல குந்து. தரணி பொறந்தது ஞாபகம் இருக்குதா?

— அது எப்படி மறக்கும்? ஏழாம் மாசம். ஒரு கையில அடங்கிட்டா.

— ஆஸ்பத்திரியில இன்னா சொன்னாங்க?

— கண்ணாடிப் பொட்டியில வச்சாத்தான் பொழைக்கும்னாங்க. பொட்டியெல்லாம் ரொம்பிடுச்சி, மெட்ராசுக்கு இட்டுனு போங்கன்னாங்க. நான் வண்டி பாக்க ஓடினேன். ஒரு டிரைவரைப் புடிச்சிக்கினு திரும்பி வந்தா, உள்ள வச்சிருக்கிறாங்க. ஏதோ ஒரு பொட்டி காலியாச்சின்னு நெனச்சேன். கடவுளேன்னு நெஞ்சு அடங்கிச்சி.

— காலியாவல மாமா.

— அப்பறம்?

— நீ போனதும் நான் அந்தக் கதவு கிட்டயே விழுந்து கெடந்தேன். ஒரு நர்ஸம்மா வெளிய வந்தாங்க. வேலை முடிஞ்சி வூட்டுக்குக் கெளம்பற நேரம், கையில சாப்பாட்டுக் கூடை. கூடையைக் கீழ வச்சாங்க. கொழந்தையை என் கிட்டேர்ந்து வாங்கிக்கினு உள்ள போனாங்க. ஒரு பொட்டியில வேற கொழந்த இருந்தது. அதோட அம்மா கிட்ட கேட்டாங்க, "ஏம்மா, உங்க கொழந்தைய கொஞ்சம் நகத்தட்டுமா?"ன்னு. அந்தப் பொண்ணு என் மூஞ்சியைப் பாத்துது. சரின்னு தலையாட்டுச்சி. ரெண்டையும் ஒரே பொட்டியில வச்சாங்க. டாக்டர் கோச்சிக்கிட்டாரு. "ஒரு ராத்திரி சார், நான் பக்கத்துலயே குந்திக்கிறேன்"னாங்க. குந்தினாங்க. விடியற வரைக்கும்.

— இதை எங்கிட்ட ஏன் சொல்லல அம்சா?

— நீ அப்பவே பாதி உசுருல இருந்த. அப்பால, சொல்றதுக்கு இன்னா இருக்குது? அவங்க பேரு கூட நான் கேக்கல. வூடு எங்கன்னு தெரியாது. போய் கால்ல விழலாம்னாலும் ஆளைக் காணோம். எங்கிட்ட இருக்கறது பழம்தான். யாராவது ஒருத்தரு கையில அவங்களுக்குப் போய்ச் சேரட்டும்னு ஒண்ணு வச்சிக்கினு இருக்கிறேன்.

— அந்தத் துண்டைக் குடு அம்சா. மூஞ்சி தொடைக்கணும்.

— அழுவாத மாமா. ஜனங்க பாக்கறாங்க.

— அழுவல. கண்ணு எரியுது. தூக்கம்.

— நைனா! தண்ணி! பொன்னியம்மா அக்கா ஒரு மல்லிப்பூ கொசுறு குடுத்தாங்க. நான் கணக்குல சேத்துக்கல. அடுத்த கணக்கு கேளு.

— கேளு மாமா, கொழந்த நிக்குது. ஆஸ்பத்திரியில இருந்தது மொத்தம் பன்னெண்டு பொட்டி. அந்த நர்ஸம்மா அன்னிக்குப் பன்னெண்டோட நிறுத்தியிருந்தா, இன்னிக்கு நீ யாருக்குக் கணக்கு சொல்லிக் குடுத்துக்கினு இருப்ப?