தவமலர் இறக்கிய போத்தல்

தலைமை நாற்காலியில் தளராமல் வீற்றிருக்கும் தலைவர் திரு. நமசிவாயம் அவர்களே, பல்கலைக்கழகத்தின் இரசாயனத்துறையிலிருந்து இந்தப் புழுதித் தெருவுக்குச் சைக்கிள் மிதித்து வந்திருக்கும் விரிவுரையாளர் திரு. பரமலிங்கம் அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, பெரியவர்கள் என்று தங்களைத் தாங்களே சொல்லிக்கொள்பவர்களே, முன்வரிசையில் கதிரை பிடித்த கனவான்களே, பின்வரிசையில் பாய் விரித்திருக்கும் என் சொந்தங்களே, பெற்று வளர்த்த தாய்மாரே, இனிப் பெறப்போகும் பிள்ளைத்தாய்ச்சிகளே, குருநகர்க் கடற்காற்றைக் கூடவே கூட்டிக்கொண்டு வந்திருக்கும் ஸ்ரெல்லாப் பிள்ளையே, உங்கள் எல்லாருக்கும் சின்னத்தங்கத்தின் வணக்கம்.

என்னைக் கொஞ்ச நேரம்தான் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மேசையில் மணி ஒன்றும் வைத்திருக்கிறார்கள். தலைவர் அவர்கள் வேண்டியபோது அடிக்கலாம். மணிச் சத்தம் கேட்டுப் பழகிய காதுதான் இது.

நான் இரண்டாம் வகுப்பு மட்டும் படித்தவள். அதையும் நிலத்தில் இருந்து படித்தவள். பள்ளிக்கூடத்தில் உட்கார வாங்கு இருந்தது. சாதியின் பேரால் ஒதுக்கி வைத்த எங்கள் ஆக்களுக்கு அதில் இடம் இருக்கவில்லை. பிறகு இந்த மேடைத் தமிழை எங்கே படித்தாய் என்று அங்கே ஒருவர் பக்கத்து ஆளிடம் கேட்கிறார். எனக்குக் கேட்கிறது, தம்பி. கோயில் திருவிழாவில் பிரசங்கம் நடக்கும்போது மதிலுக்கு வெளியே நின்று படித்தேன். மதில் மனிதரைத் தடுத்தது. ஒலிபெருக்கியைத் தடுக்க அதற்குத் தெரியவில்லை.

ஆனால் நான் அழ வரவில்லை. ஆறுதல் தேடி வரவில்லை. பெருமை பேச வந்திருக்கிறேன்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியலில் முதலாம் வகுப்பில் தேறியிருப்பவள் யார்? என் மகளின் மகள் தவமலர். மின்சாரம் மறந்துபோன ஊரில், மண்ணெண்ணெய்யை மருந்துபோல அளந்து ஊற்றிய காலத்தில், போத்தல் விளக்கின் பொட்டு வெளிச்சத்தில் படித்தவள் யார்? தவமலர். விமானம் இரைந்தால் கொப்பியோடு பதுங்குகுழிக்குள் இறங்கி, இரைச்சல் ஓய்ந்தால் கொப்பியோடு ஏறி, விட்ட வரியிலிருந்தே விரல் வைத்துப் படித்தவள் யார்? தவமலர்.

அவள் மட்டுமா? அவளோடு படித்த பிள்ளைகள் அத்தனை பேரும் அப்படித்தான். பரீட்சை தள்ளித் தள்ளிப் போனது. பட்டம் வாங்கும்போது பல்லுப் போய்விடும் என்று தங்களைத் தாங்களே பகிடி பண்ணிக்கொண்டு, பரீட்சை வந்த அன்றைக்கு ஒருவர் மிச்சமில்லாமல் மண்டபத்தில் இருந்தார்கள். அவர்களுடைய ஆசிரியர்களும் அப்படித்தான். கடல் கடந்து போனால் கார் ஓடலாம் என்று தெரிந்தும், இங்கே நின்று சைக்கிள் ஓடுகிறார்கள். இவர்களைப் பாராட்டாத வாய் வாயா? இவர்களை நினைத்து நிமிராத நெஞ்சு நெஞ்சா?

கைதட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். முன்வரிசையில் சத்தம் குறைகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பட்டப் படிப்பின் கடைசியில் ஒவ்வொருவரும் ஓர் ஆராய்ச்சி செய்ய வேண்டுமாம். தவமலர் எடுத்துக்கொண்டது தண்ணீர். சுன்னாகத்தைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்கள் வெங்காய ஊர்கள். வெங்காயத்துக்கு நீங்கள் மூட்டை மூட்டையாக யூரியா கொட்டினீர்கள். யுத்தம் என்று இப்போது உரத்துக்குத் தடை. ஆனால் அத்தனை வருடம் கொட்டியது எங்கே போனது? மண்ணுக்குள் போனது. மண்ணுக்குள் போனது கிணற்றுக்குள் வந்திருக்கிறதா? அதுதான் அவள் கேட்ட கேள்வி.

விரிவுரையாளர் ஒரு சட்டம் போட்டார். குடிக்கிற கிணறு ஒன்றையும் விடக்கூடாது. போத்தலைக் கழுவிக்கொண்டு போய், ஆராய்ச்சி செய்கிறவளே தன் கையால் கிணற்றுக்குள் இறக்கி எடுக்க வேண்டும். இன்னொருவர் வாளியில் அள்ளித் தந்த தண்ணீர் கணக்கில் வராது. அந்த வாளியில் முதல்நாள் உரம் கரைத்திருந்தால் என்ன செய்வது? பிழை கிணற்றில் இருக்காது, வாளியில் இருக்கும்.

பக்கத்து ஊர்களில் எல்லாம் இறக்கினாள், எடுத்தாள், வந்தாள். யாரும் அவளை யார் என்று கேட்கவில்லை. சொந்த ஊரில்தான் மறித்தார்கள். அங்கே யார் என்று கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

எங்கள் ஊரின் புகழ்பெற்ற கிணறு எது? கோயில் கிணறு. கல்கண்டுத் தண்ணீர் என்று பேர். கலியாணம் பேச வருகிறவனுக்கே முதலில் அந்தத் தண்ணீரைக் கொடுத்துத்தான் ஊரைப் பற்றிச் சொல்லத் தொடங்குவீர்கள். அந்தக் கிணற்றுக்கட்டில் என் தாய் ஏறியதில்லை. நான் ஏறியதில்லை. என் மகள் ஏறியதில்லை. கீழே ஒழுங்கைப் பாதையில் குடத்தோடு நிற்போம். மனம் வந்த யாராவது மேலே நின்று அள்ளி ஊற்றினால் கொண்டுபோவோம். இப்போது அப்படி ஒன்றும் இல்லை என்று பத்திரிகைக்காரரிடம் சொல்லுகிறீர்கள். நல்லது. தவமலருக்கு நடந்ததைக் கேளுங்கள்.

அவள் போத்தலும் நூலுமாகப் போனாள். கோயில் மனேச்சராக இருந்தவர், இன்றைய தலைவர் அவர்கள், கிணற்றுக் கட்டடியில் நின்றார். தவமலர் வந்து சொன்னதில் ஒரு சொல்லும் என் நினைவிலிருந்து உதிரவில்லை. அப்படியே சொல்லுகிறேன்.

"நில்லு பிள்ளை. உனக்குத் தண்ணிதானே வேணும்? கீழை நில்லு, அள்ளி ஊத்தச் சொல்லுறன்."

"ஊத்தின தண்ணி சரிவராது ஐயா. போத்தலை நான்தான் இறக்கவேணும்."

"எங்கடை வாளியிலை ஊத்தை எண்டுறியோ?"

"வாளியைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை."

"கொம்மம்மா காலத்திலையிருந்து ஊத்தித்தான் குடிச்சனியள். அப்ப சரிவந்தது, இப்ப சரிவரேல்லையோ?"

"குடிக்கிறதுக்குச் சரிவந்தது ஐயா. சோதிக்கிறதுக்குச் சரிவராது."

வெறும் போத்தலோடு வீட்டுக்கு வந்தாள். அந்தக் கிணறு இல்லாவிட்டால் ஆராய்ச்சியில் ஓட்டை. ஓட்டை உள்ள ஆராய்ச்சிக்கு முதலாம் வகுப்பு எங்கே கிடைக்கும்? ஊர் முழுக்கக் குடிக்கிற தண்ணீரை விட்டுவிட்டு ஊர்த் தண்ணீரைப் பற்றி என்ன எழுதுவது?

அப்போது வந்தாள் ஸ்ரெல்லா. கூடப் படிப்பவள். குருநகரில் கடலுக்குப் போகிற குடும்பம். தவமலருக்குப் பதிலாக நான் இறக்குகிறேன் என்று புறப்பட்டுப் போனாள். எந்த ஊர் என்று கேட்டார்கள், குருநகர் என்றாள். வேதக்காரரோ என்று கேட்டார்கள், ஓம் என்றாள். அப்படியென்றால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறு என்றார்கள். கவனியுங்கள் சபையோரே, சிலுவை கும்பிடுகிற வேதக்காரப் பிள்ளை ஏறலாம். நெற்றியில் திருநீறு பூசிய எங்கள் பிள்ளை ஏறக்கூடாது. கோயில் கிணற்றில் இது என்ன நியாயம் என்று பிள்ளையாரைத்தான் கேட்க வேண்டும்.

ஸ்ரெல்லா செருப்பைக் கழற்றினாள். கழற்றியவள் திரும்பவும் போட்டுக்கொண்டாள். "தவம் ஏறாத கிணத்துக்கட்டிலை நான் ஏறி நிரப்பினா, பேர் அவளின்ரை, கை என்ரை. அது ஆராய்ச்சி இல்லை, களவு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். பிள்ளை, நீ நன்றாக இருக்க வேண்டும்.

செய்தி விரிவுரையாளருக்குப் போனது. அவர் யார்? பக்கத்து ஊர். தலைவர் அவர்களின் சொந்தத் தங்கையின் மகன். சின்னவயதில் தலைவர் வீட்டுத் தின்பண்டமெல்லாம் தின்று வளர்ந்தவர். அவர் மேலிடத்துக்கு எழுதவில்லை. சண்டைக்கு ஆள் சேர்க்கவில்லை. தவமலரின் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு, உச்சி வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தார். வந்தவர் கிணற்றுக்கட்டில் ஏறவில்லை. எங்கள் ஆக்கள் நிற்கிற ஒழுங்கையில், எங்கள் ஆக்கள் நிற்கிற அதே இடத்தில், எங்கள் ஆக்களைப்போலவே குனிந்து, இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றார். நான் அங்கேதான் குடத்தோடு நின்றேன்.

"மாமா, விடாய்க்குது. கொஞ்சம் ஊத்துங்கோ."

"உனக்கென்ன விசரோ? மேலை வந்து குடியன்."

"என்ரை மாணவி ஏறேலாத இடத்திலை நான் ஏறேலாது. ஊத்துங்கோ மாமா."

அவருக்குப் பின்னால் ஸ்ரெல்லா கையேந்தினாள். அவளுக்குப் பின்னால் காங்கேசன்துறைப் பிள்ளை ஒன்று. அதற்குப் பின்னால் அரியாலைப் பிள்ளை ஒன்று. வருங்காலப் பட்டதாரிகள் அத்தனை பேரும் வரிசையாகக் குனிந்து, கை ஏந்தி நின்றார்கள். ஊர் கூடிவிட்டது. தலைவர் கையில் வாளி. நிரம்பிய வாளி. சொந்த மருமகனின் ஏந்திய கையில் ஊற்றினால் அது என்ன வெட்கம்? ஊற்றாமல் விட்டால் அது என்ன வெட்கம்? எங்கள் கையில் ஊற்றும்போது ஒருநாளும் கனக்காத வாளி, அன்றைக்கு அவருக்குக் கனத்தது.

வாளியைக் கீழே வைத்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார். ஏறு என்று சொல்லவில்லை, சபையோரே, ஒருநாளும் சொல்லவில்லை. அதை நான் மறக்கவும் மாட்டேன்.

தவமலர் ஏறினாள். என் தாய் ஏறாத கிணற்றுக்கட்டில் ஏறினாள். நான் ஏறாத கட்டில் ஏறினாள். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, நூலைக் கையில் சுற்றிக்கொண்டு, போத்தலை இறக்கினாள். அது தண்ணீரைத் தொட்ட சத்தம் ஒழுங்கை வரைக்கும் கேட்டது.

மணி அடிக்கிறதா? அடியுங்கள், தலைவர் அவர்களே. நான் முக்கால்வாசி வந்துவிட்டேன்.

ஆராய்ச்சிக் கூடத்தில் மின்சாரம் இல்லை. கருவி கண்மூடிக் கிடந்தது. மருந்து கலந்த தண்ணீரைச் சூரிய வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நிறத்தைக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்தாள். முடிவு என்ன? உரத்து நஞ்சு அதிகம் கலந்த கிணறு எது? கல்கண்டுக் கிணறு. பெரிய ஆட்கள் தாங்குவார்களாம். அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் உடம்பு நீலம் பாரிக்குமாம். கொதிக்க வைத்தாலும் அது போகாதாம்.

சுத்தமான கிணறு எது? பனங்கூடலுக்கு அப்பால், கல்லுத்தரையில் எங்கள் ஆக்கள் வெட்டி, கோடையில் வற்றி, மாரியில் ஊறி, உங்களில் ஒருவர்கூட நாக்கு நனைத்திராத எங்கள் கிணறு. ஏன் சுத்தம்? நாங்கள் பெரிய ஞானிகள் என்றா? உரம் போட எங்களுக்குத் தோட்டக் காணி இல்லை. காணி தராமல் விட்டீர்கள். கிணறு தப்பிவிட்டது.

பிறகு என்ன சொன்னார்கள்? அவள் பழிவாங்குகிறாள் என்றார்கள். பழிவாங்குவது என் வேலை. என் பேத்திக்கு அதற்கு நேரம் இல்லை. ஸ்ரெல்லா வேறு போத்தலில் வேறாக எடுத்துச் சோதித்தாள். அதே நிறம். விரிவுரையாளர் தன் கையால் சோதித்தார். அதே நிறம். கைக்குழந்தைகளுக்கு இந்தத் தண்ணீர் ஆகாது என்று ஒரு பலகையில் எழுதிக்கொண்டு வந்து கோயிலில் கொடுத்தார். அந்தப் பலகை எங்கே? கோயில் களஞ்சிய அறையில், உடைந்த சாமி வாகனத்துக்குப் பின்னால், எழுத்துச் சுவரைப் பார்த்தபடி கிடக்கிறது. அந்த அறையைக் கூட்டுகிற சிவக்கொழுந்து கண்டு வந்து சொன்னாள்.

ஆனால் தாய்மாருக்குக் காது உண்டு. ஒருநாள் பொழுதுபட்டு மைமலாகும் நேரத்தில் ஓர் இளம் பெண், சேலைத் தலைப்பால் குடத்தை மூடிக்கொண்டு எங்கள் கிணற்றடிக்கு வந்தாள். பெரிய வீட்டுப் பெண். கட்டுக்குக் கீழே, தள்ளி நின்றாள்.

"ஆச்சி, கொஞ்சம் ஊத்திவிடுங்கோ. பிள்ளைக்குப் பால் கரைக்க."

"எங்கடை கிணத்திலை ஆருக்கும் ஊத்திற வழக்கம் இல்லை" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. திரும்பிப் போகப் பார்த்தாள்.

"ஏறி அள்ளு பிள்ளை" என்றேன்.

அது எந்த வீட்டுக் குழந்தை என்று நான் சொல்லப் போவதில்லை. தலைவர் அவர்களே, நீங்கள் எழும்ப வேண்டாம், இருங்கள். நான் சொல்லப் போவதில்லை என்றேன்.

அவளுக்குப் பிறகு இன்னொருத்தி வந்தாள். அவளுக்குப் பிறகு பலர். எல்லாரும் மைமலில். எல்லாரும் தலைப்பால் மூடிக்கொண்டு. வரட்டும், கொண்டுபோகட்டும், குழந்தைகள் கொழுகொழுவென்று வளரட்டும். ஆனால் செய்தி காதில் விழாத தாய் ஒருத்தி இந்த ஊரில் இன்றைக்கும் கல்கண்டுத் தண்ணீரில் பால் கரைத்துக்கொண்டிருக்கிறாளே, அவளுக்கு யார் சொல்வது? சுவரைப் பார்த்துக் கிடக்கிற பலகையா சொல்லும்?

என் பேத்திக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். மாலை போட்டீர்கள். ஊரின் மாணிக்கம் என்றீர்கள். மெத்தப் பெருமை. ஆனால் அவள் எழுதியதை நம்பாமல் அவள் கழுத்தில் போடும் மாலை, பூவும் நாரும்தான். அவள் படிப்பைக் கொண்டாட வேண்டுமென்றால் அந்தப் பலகையை வெளியே எடுங்கள். நாளைக்குக் காலையில், எல்லாரும் பார்க்க, கோயில் கிணற்றுக் கட்டில் ஆணி அடித்துத் தொங்க விடுங்கள். பிறகு ஆண்களே, பெண்டுகளை மைமலில் அனுப்பாமல் நீங்கள் பகலில் குடத்தோடு எங்கள் கிணற்றுக்கு வாருங்கள். யாரையும் கீழே நிறுத்தமாட்டோம். நான் எதையும் மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் மாட்டேன். ஆனாலும் வாருங்கள்.

கண்ணும் கருத்துமாக நின்று கற்பித்த விரிவுரையாளர் பரமலிங்கம் அவர்களுக்கு நன்றி. செருப்பைத் திரும்பப் போட்டுக்கொண்ட ஸ்ரெல்லாவுக்கு நன்றி. வெயிலில் குனிந்து நின்ற பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு, பாயில் இருந்து பொறுமையாகக் கேட்ட என் சனத்துக்கு, பற்றரி இறங்காமல் ஒலிவாங்கியைக் காத்த தம்பிமாருக்கு நன்றி.

தலைவர் அவர்களுக்குரிய நன்றியை மட்டும் என் கையில் வைத்திருக்கிறேன். நாளைக்குக் காலை பலகை ஏறியபின் அங்கே வைத்துத் தருகிறேன்.

வணக்கம்.