பின்பக்கம் அவளுடையது

மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் மழைக்கோட்டை மடித்து வைத்துவிட்டால், ஒரு பிஸ்கட் டின்னுக்குத்தான் இடம் மிஞ்சும். உங்கள் மேசைமேல் கிடக்கிற அந்தப் புத்தகம் ஏன் ஒன்றே ஒன்று என்று கேட்டீர்களே, இன்ஸ்பெக்டர் தம்பி, காரணம் அதுதான். ஆளுக்கொன்று கொண்டுபோக வழியில்லை.

நானும் ரோகினியும் லுக்குட்டில் ஒரே அடுக்குமாடியில் குடியிருக்கிறோம். நான் மூன்றாம் மாடியில் தனியாக. அவள் முதல் மாடியில் கணவன் வசந்தனோடு. செண்டாயான் தொழிற்சாலையில் கிராணியாகக் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற பிறகு, சனிக்கிழமை விடிந்தாலே எனக்கு என்ன செய்வதென்று தெரியாது. ரோகினிதான் இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தாள். ரெம்பாவ் பக்கத்துத் தோட்டங்களுக்கு என் மோட்டாரில் போவோம். ரப்பர் இலை, கோயில் திருவிழா நோட்டீஸ், தேநீர்க்கடை ரசீது, உள்ளங்கை அளவு அச்சுப்பொறியில் எடுத்த படம் என்று கிடைத்ததை எல்லாம் அங்கேயே உட்கார்ந்து ஒட்டுவோம். அவள் அதை ஸ்கிராப்புக் என்பாள். நான் ஒட்டுப் புத்தகம் என்பேன்.

வெளியில் உட்கார்ந்து ஒட்டுவதற்கென்று சில முறைகள் உண்டு. டின் மூடிதான் மேசை. காற்றடித்தால் தாளுக்கு நான்கு கிளிப். செம்பனை மர நிழலில் ஈரம் அதிகம், பசை காயாது. இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்தான் நல்லது. எல்லாவற்றையும்விட முக்கியம், பாதி வேலையை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். தேதியை எழுதி, எது எங்கே வரும் என்று அளந்து, அதற்குரிய இடத்தைக் கட்டம் கட்டிக்கொண்டு போய்விட்டால் அங்கே ஒட்டுவது மட்டும்தான். இதில் நான் கெட்டிக்காரி. ஒவ்வொரு தாளிலும் முன்பக்கம் என்னுடையது, பின்பக்கம் அவளுடையது. இரண்டு வருஷத்தில் அறுபது தாள் சேர்ந்துவிட்டது.

போன மாதம், ஒட்டிக்கொண்டிருக்கும்போதே சொன்னாள்.

"அக்கா, அடுத்த மாசத்திலேருந்து நான் என் சிநேகிதி இந்துஜா காடியில போறேன் லா. பெரிய காடி. மடக்கு மேசையே பின்னால வைக்கலாம்."

"அப்ப நான்?"

"நீங்க மோட்டார்ல பின்னாலயே வாங்களேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவளிடம் கபடம் கிடையாது. பிறகு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். "இத பிரிச்சிக்கலாம். ஒங்களுக்குப் பாதி, எனக்குப் பாதி."

எந்தத் தாளை அவள் எடுத்தாலும் என் பக்கமும் கூடவே போய்விடும் என்றேன். "பரவால்ல அக்கா, போட்டோ புடிச்சி வச்சிக்கிங்க" என்றாள்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. சனிக்கிழமை காலையில் கீழே இந்துஜாவின் கார் ஹாரன் அடிக்கும். இவள் படியிறங்கி ஓடுவாள். நான் மூன்றாம் மாடியில் அரைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. நான் கெட்டவள் இல்லை, தம்பி. பயந்தவள்.

கடைசியாக ஒருமுறை போய்வரலாமா என்று கேட்டேன். உடனே சரி என்றாள். இரண்டு பேருக்கும் சாப்பிட நாசி லெமாக் கூட வாங்கி வந்தாள்.

அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை நான் மட்டும் அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தை இடித்து வருஷக் கணக்காகிறது. பின்னால் கிணறு மட்டும் இருக்கிறது. சுற்றுச்சுவர் இல்லை, தண்ணீர் இல்லை, அடியில் சேறு. மேலே கிடந்த தகரத்தை இழுத்துப் போட்டுவிட்டுச் செம்பனை மட்டைகளை ஓலையோடு பரப்பினேன். வீட்டுக்கு வந்து அடுத்த தாளைத் தயார் செய்தேன்.

சனிக்கிழமை அங்கே அவளைப் படமெடுக்க நிறுத்தினேன். அந்தச் சின்னப் படத்தில் ஆள் முழுதாகத் தெரிய வேண்டுமென்றால் நன்றாகத் தள்ளி நிற்க வேண்டும்.

"இன்னும் கொஞ்சம் பின்னால போ, ரோகினி."

"போதுமா அக்கா?"

"இன்னும் ரெண்டு அடி."

அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவ்வளவு நம்பிக்கை. நான் அவளைத் தள்ளவில்லை, என் கை அவள்மேல் படவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

போன்களை எப்போதும் என் டின்னில்தான் வைப்போம். அவள் போனிலிருந்து வசந்தனுக்குச் செய்தி அனுப்பினேன், மலாக்காவில் தோழி வீட்டில் நான்கு நாள் தங்குகிறேன் என்று. அவர் பதிலுக்குக் கட்டைவிரல் படம் அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமையும் போனேன். கிணற்று ஓரத்தில் டின் மூடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் காலடிச் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"அக்கா, வந்துட்டீங்களா? ஆளுங்கள கூட்டிட்டு வந்தீங்களா? கால் ஒடஞ்சிருச்சு அக்கா."

உதவிக்கு ஆள் தேடத்தான் நான் போயிருந்தேன் என்று நினைத்திருக்கிறாள். "வந்துகிட்டு இருக்காங்க" என்றேன். பயப்படக் கூடாதே என்றுதான் சொன்னேன். தண்ணீர் கேட்டாள். சனிக்கிழமை எடுத்த படத்தை ஒட்ட வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, ஏன் டேப்பு கிழிக்கிற சத்தம் கேக்குது?"

அதற்குப் பிறகு மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது, நாம் அழுகையை அடக்கும்போது வருமே, அந்த மாதிரி.

படத்துக்குக் கீழே இருக்கிற வெற்றுக் கட்டம் எதற்கு என்று மூன்றாம் தடவையாகக் கேட்கிறீர்கள். தமிழ்ப் பத்திரிகையில் மரண அறிவிப்பு இரண்டு பத்தி அகலத்தில் வருமல்லவா? அந்த அளவு. போன செவ்வாய்க்கிழமையே அளந்து கட்டம் போட்டுவிட்டேன்.

இங்கேதான் தப்புச் செய்தேன். இன்று காலையே அறிவிப்பைப் பத்திரிகைக்கு அனுப்பினேன். கணவர் பெயர் இல்லாமல் அறிவிப்பு வராது. தொடர்புக்கு எண்ணும் வேண்டும். பொய் எண் கொடுக்க மனம் வரவில்லை, வசந்தனுடையதையே கொடுத்தேன். தேதியை முன்கூட்டியே எழுதுவது எனக்குப் பழகிப்போய்விட்டது. தண்ணீர் இல்லாமல் மூன்று நாள்தான் தாங்கும் என்று படித்திருக்கிறேன். சனி, ஞாயிறு, இன்று திங்கள். அதனால் 'இறைவனடி சேர்ந்த நாள்' என்ற இடத்தில் நாளைத் தேதியைப் போட்டேன். அங்கே வேலை பார்க்கிற பெண் வசந்தனைக் கூப்பிட்டு, "சார், இன்னும் வராத தேதியில போட்டிருக்கீங்களே" என்று கேட்டிருக்கிறாள். சனிக்கிழமை அவள் என்னோடு கிளம்பியது அவருக்குத் தெரியும். மதியம் நீங்கள் என் வீட்டுக் கதவைத் தட்டினீர்கள்.

அவள் எங்கே என்பதைச் சொல்கிறேன். கத்தாதீர்கள். ரெம்பாவ் சாலையில் செம்பனை எடை போடுகிற கொட்டகையைத் தாண்டி இடப்பக்கம் மண் பாதை. தோட்டத்தின் பழைய மூன்றாம் டிவிஷன். இடிந்த லயத்துக்குப் பின்னால் இருபது அடி. ஓலையை மறுபடி பரப்பிவிட்டேன், பார்த்துக் கால் வையுங்கள். இன்று விடிந்ததும் போனபோது குரல் இருந்தது. மெலிந்துவிட்டது, ஆனால் இருந்தது.

என்னையும் உங்கள் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள், தம்பி. முன்பின் தெரியாத ஆம்பிளைகள் மேலேயிருந்து கத்தினால் அவள் மிரண்டுபோவாள். என் குரல் கேட்டால்தான் அவளுக்குப் பயம் தெளியும்.