ஒரு காது குத்தியிருக்கையில் திரை கறுத்த விவரம்

ராசிங்காபுரம் மேலத் தெருவில் குடியிருக்கிறேன். பெயர் ராமுத்தாய், வயது எழுபத்தொன்று, காலஞ்சென்ற மொக்கச்சாமியின் மனைவி. தோட்ட வேலை பார்க்கிறேன். இரண்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஸ்டுடியோ விஜயபாண்டி கொடுத்த புகாரில் முதலில் என் பெயரும், அடுத்து என் பேத்தி பவதாரணி பெயரும் இருப்பதாகப் படித்துக் காட்டினார்கள். அது பற்றி விசாரித்ததில் நான் சொல்வதாவது.

என் ஒரே மகன் மகாராஜன் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பு ஓட்டி வந்தான். சென்ற மழைக்காலத்தில் போடிமெட்டு இறக்கத்தில் ஜீப்பு கவிழ்ந்து இறந்துபோனான். பவதாரணி அவன் மகள். கணினியில் படங்களை அசைய வைக்கும் வேலையை வீட்டிலிருந்தே செய்கிறாள். என் மகள் ஜோதியின் ஆண் குழந்தைக்குக் காதுகுத்து வைத்தபோது தாய்மாமன் மடிக்கு ஆள் இல்லை என்ற பேச்சு வந்தது. ஜோதியின் மாமனார் ஜக்கையன், "எங்க பங்காளியில ஒருத்தன் மடியில வச்சுக் குத்திருவோம் சம்மந்தியம்மா" என்றார். மாமன் இடத்தில் மாமன் வீட்டு ஆள்தான் உட்கார வேண்டும் என்று நான் சொன்னேன். அதன் பிறகு, பவதாரணி மடியில் குழந்தையை வைப்பதென்றும், மேடையில் உள்ள பெரிய திரையில் அவளுக்குப் பக்கத்தில் மகாராஜன் நின்று குழந்தையின் தலையில் கை வைப்பது போல் காட்டுவதென்றும் முடிவானது. ஜக்கையன் அரைமனதாக ஒத்துக்கொண்டார்.

அதற்காகப் பவதாரணி, தன் அப்பன் தோட்டத்தில் நின்று பேசிய செல்போன் வீடியோ ஒன்றை எடுத்து, அவனைச் சுற்றியிருந்த ஏலச்செடிகளை எல்லாம் நீக்கினாள். அவன் காதை ஒட்டி நின்ற இலையை நீக்கத்தான் வெகுநேரம் ஆனது. பிறகு அவன் கையை நீட்ட வைத்தாள். அவனுக்குப் பின்னால் கட்டம் கட்டமாகத் தெரிந்ததைப் பார்த்து என்னவென்று கேட்டேன். "அங்க ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம் அப்பத்தா. மேடையில எடுக்குற படத்து மேல இத வச்சா, அந்த எடத்துல எல்லாம் மேடை தெரியும்" என்றாள். அதன் பிறகு ரெண்டர் போட்டாள். அதாவது, ஒவ்வொரு படமாகக் கணினி எழுதிச் சேர்ப்பது. பாதியில் கரண்டு போனதால் மறுபடி முதலிலிருந்து போட்டாள்.

அதன் பிறகு நானும் அவளும் பஸ்சில் போடிக்குப் போய் விஜயபாண்டியின் ஸ்டுடியோவில் பென் டிரைவைக் கொடுத்தோம். இந்த விஜயபாண்டியை எனக்கு முன்பே தெரியும். மகாராஜன் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவன் இவன்தான். தாலி கட்டுகிற இடத்தில், அழகு என்று நினைத்து, ரோஜாப்பூ ஒன்றைச் சுழல விட்டிருந்தான். என் மகன் தாலி கட்டியது இன்றுவரை அந்தப் பூவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அப்போது கேட்டதற்கு, "இதெல்லாம் சென்னை ஸ்டைலு பெரியம்மா" என்றான். இந்தத் தடவை வேறு ஆளைப் பார்க்கலாம் என்று சொன்னேன். ஆனால் பெரிய திரை அவனிடம்தான் இருந்தது.

பவதாரணி அவனிடம், "அண்ணே, பின்னாடி ஒண்ணும் இல்லாம எடுத்த ஃபைலு இது. எம்.பி. ஃபோரா மாத்திராதீங்க. மாத்துனா இல்லாத எடமெல்லாம் கறுப்பா அடைச்சிரும்" என்றாள். அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், "ஏத்தா, நீ பொறக்கும் முன்னாடியே நான் கேமராவத் தூக்குனவன். எனக்கே கிளாஸ் எடுக்குறியா?" என்றான். இன்னொரு படத்தின் மேல் வைத்துப் பார்த்துவிடலாம் என்று அவள் சொன்னாள். அவன் அப்படிச் செய்யாமல், ஃபைலைத் தனியாக ஓட்டிப் பார்த்தான். தனியாக ஓட்டினால் எந்த ஃபைலும் பின்னால் கறுப்பாகத்தான் தெரியும் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "தெளிவா இருக்கு. வெரசா கெளம்புங்க, சோலி கெடக்கு" என்றான். அவன் சொன்ன சோலி, செல்போனில் பாதி ஆட்டத்தில் நின்றிருந்த சீட்டு விளையாட்டு.

காதுகுத்து அன்று மண்டபத்தில், ஜோதியின் கணவர் முத்துப்பாண்டியிடம் விஜயபாண்டி, "பாப்பா குடுத்தது ஓவர் லோடு மாப்ளே, கம்ப்யூட்டர் தெணறுது. நான்தான் எம்.பி. ஃபோராக்கிக் கைக்கடக்கமா வச்சிருக்கேன்" என்று பெருமையாகச் சொன்னான். பக்கத்தில் நானும் இருந்தேன், ஜக்கையனும் இருந்தார். அவர் கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது. பவதாரணி அதற்குள் மேடைக்குப் போய்விட்டாள். பவதாரணி கொடுத்ததே கறுப்பு ஃபைல் என்று இப்போது புகாரில் எழுதியிருக்கிறான்.

அதன் பிறகு ஆசாரி வலது காதைக் குத்தினார். அந்த நேரம் பார்த்து விஜயபாண்டி மகாராஜன் படத்தை ஏற்றினான். திரையில் இருந்த மேடை, பவதாரணி, மடியில் இருந்த குழந்தை எல்லாம் மறைந்துபோய், ஒரே இருட்டாகி, என் மகன் மட்டும் நின்று கையை நீட்டினான். குழந்தை அழும் சத்தம் மட்டும் மைக்கில் வந்தது. ஜக்கையன் வீட்டுப் பெண் ஒருத்தி, "செத்தவன் பிள்ளையக் கொண்டுபோயிட்டான்டி" என்று கத்தினாள். ஜோதி ஓடிப்போய்க் குழந்தையைப் பறித்துக்கொண்டாள். மறு காது குத்தவில்லை. சற்று முன் தன் காதால் கேட்டதை விட்டுவிட்டு ஜக்கையன், "வேணும்னே செஞ்சிருக்கா. தனக்கு அப்பன் இல்லாத வயித்தெரிச்சல்" என்றார். பவதாரணி சேலையில் குழந்தையின் காது ரத்தம் ஒரு பொட்டு இருந்தது.

தான் மாற்றியதை விஜயபாண்டி ஒத்துக்கொள்ளவில்லை. படத்தை நிறுத்தவும் அவனுக்குத் தெரியவில்லை. என் மகன் இருட்டில் மறுபடி மறுபடி கையை நீட்டிக்கொண்டிருந்தான். அதன் பிறகு நான் பந்திக்குப் போய்ச் சாம்பார் வாளியை எடுத்து வந்து விஜயபாண்டியின் கணினி மேல் ஊற்றினேன். திரை அணைந்தது. பவதாரணி வாளியைத் தொடவில்லை.

இன்று நிலையத்தில் சார்பு ஆய்வாளர் அம்மா கேட்டபடி, பவதாரணி இந்த அறையைச் செல்போனில் படம் எடுத்து, தன் கணினியில் அதன் மேல் தன் ஃபைலை வைத்துக் காட்டினாள். மேஜை தெரிந்தது, பெஞ்சு தெரிந்தது, விசாரணைக்கு வந்து பெஞ்சில் இருந்த ஜக்கையனும் விஜயபாண்டியும் தெரிந்தார்கள். அவர்களுக்கு முன்னால் மகாராஜன் நின்றான். அவன் நீட்டிய கை ஜக்கையன் தலைக்கு மேல் வந்தது. ஜக்கையன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். எழுந்துவிட்ட என்னை உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். அதன் பிறகு அதே ஃபைலை எம்.பி. ஃபோராக மாற்றி வைத்தாள். அறை மறைந்து இருட்டானது. விஜயபாண்டி, "வெர்சன் பிரச்சனை மேடம்" என்றான்.

ஜக்கையன் என்னிடம், "புத்தி கெட்டுப் பேசிட்டேன் சம்மந்தியம்மா. மறு காதையும் பாப்பா மடியிலயே வச்சுக் குத்துவோம்" என்றார். "கேக்க வேண்டியது எங்கிட்ட இல்ல" என்றேன். அவர் எழுந்துபோய்ப் பவதாரணியிடம் கேட்டார். அவள் வயரைச் சுருட்டிக்கொண்டே சரி என்றாள்.

சாம்பார் கை தவறிக் கொட்டிவிட்டது என்று நான் சொன்னால் புகாரைத் திரும்பப் பெறுவதாக விஜயபாண்டி சொல்கிறான். எனக்குச் சம்மதம் இல்லை. கை தவறவில்லை. பவதாரணி பெயரை அடித்துவிட்டு என் பெயரில் மட்டும் வழக்குப் பதியும்படி கேட்டுக்கொள்கிறேன். கோர்ட்டில் ஏன் ஊற்றினாய் என்று கேட்பார்கள். அப்போது இவனையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, ரோஜாப்பூவிலிருந்து எல்லாவற்றையும் நான் சொல்ல வேண்டும்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

(ஒப்பம்) மொ. ராமுத்தாய்