முப்பதுக்குக் கீழே

— செருப்பைக் கழட்டிட்டன், விதுஷா மிஸ். அபாயாவையும் கழட்டட்டா? அதுவும் அரைக் கிலோ வரும்.

— தேவையில்ல, நபீலாக்கா. அசையாம நில்லுங்க. அறுபத்தெட்டரை.

— இன்னொருக்காப் பாருங்க.

— அதேதான். நாலு மாசத்துக்கு முன்ன எண்பத்தொண்டு.

— அல்ஹம்துலில்லாஹ். அப்ப என்ட பி.எம்.ஐ?

— இருபத்தொம்பது தசம் ஆறு.

— முப்பதுக்குக் கீழ வந்தா என்ட கிட்னிய எடுத்துத் தம்பிக்கு வைக்கலாம் எண்டு டொக்டர் சொன்னவர். வந்துட்டன் தானே. முனாஸ் வெளியில இரிக்கான், டயலிசிஸ் முடிச்ச கையோட வந்தவன். போய்ச் சொல்லிட்டு வாறன்.

— பொறுங்க. இடுப்பையும் அளக்கணும். என்னக்கா சாப்பிடுறீங்க?

— ராவையில வெள்ளரிக்காதான். விடியச் சுபஹு தொழுதுட்டுக் கடற்கரையில நடக்கிற. முதல்ல ஒண்டும் பெருசாக் குறையல்ல, மிஸ். ரெண்டு கிலோ, மூணு கிலோ. கடைசி ஆறு கிழமையிலதான் அல்லா லேசாக்கித் தந்தான். கடகடவெண்டு இறங்கிச்சு.

— இடுப்பு தொண்ணூத்தாறு. அண்டைக்குத் தொண்ணூத்தெட்டு.

— அதுக்கென்ன, தராசு இறங்கிட்டே.

— இந்த மெசின்ல ஏறிப் பிடியைப் பிடிங்க. கொழுப்பு மட்டும் எவ்வளவு எண்டு இது காட்டும்... கொழுப்பு கொஞ்சம்தான் குறைஞ்சிருக்கு, அக்கா. சதைதான் கரைஞ்சிருக்கு. உங்கட கையைப் பாருங்க.

— மெய்தான். காப்பு தானாக் கழண்டு விழுது. எலும்பாப் போறாய் ராத்தா எண்டு முனாஸும் ஏசினான்.

— தண்ணி கனக்கக் குடிக்கிறீங்களா?

— இந்த வெயிலுக்கு விடாய் தாங்க ஏலாம இரிக்கி. ஒண்ணுக்குப் போறதும் கூட.

— கதிரையில இருங்க. காலையில வெறும் வயித்தோட எடுத்த ரத்தத்திட ரிப்போட் வந்திட்டு. சீனி இருநூத்தித் தொண்ணூறு.

— அண்டைக்குப் பிரச்சின இல்ல எண்டுதானே சொன்னீங்க?

— அண்டைக்கு ஓரத்துல நிண்டது. இப்ப தாண்டிட்டு. கடைசியா இறங்கினதை நீங்க இறக்கல்ல, அக்கா. நீரிழிவு வருத்தம்தான் இறக்கியிருக்கு.

— குளிச குடிச்சு சீனியக் குறைச்சிட்டு வாறனே.

— குறைக்கலாம். ஆனா சீனி வருத்தக்காரர்ட கிட்னிய எடுக்க மாட்டாங்க. மிச்சமிருக்கிற ஒண்டும் பழுதானா உங்கட கதை என்ன?

— என்ட மௌத்து எனக்கு. கையெழுத்துப் போட்டுத் தாறன்.

— ஏலாது, அக்கா.

— வேற ஆரும் இல்ல, மிஸ். உம்மாக்கு வயசு போயிட்டு. எங்கட மூத்தவர் காக்காட ரத்தம் பொருந்தல்ல.

— தெரியும்... முனாஸை உள்ள கூப்பிடட்டா? டொக்டர் ரெண்டு பேருக்கும் விளங்கப்படுத்துவார்.

— வேணாம். எனக்காகப் பட்டினி கிடந்துதான் ராத்தாக்கு இந்த வருத்தம் எண்டு நினைச்சிட்டானெண்டா, டயலிசிசுக்கும் வர மாட்டான்.

— அப்ப அவருக்கு என்னத்தைச் சொல்ற?

— ராத்தா பயந்துட்டா, கிட்னி தர மாட்டாளாம் எண்டு சொல்லுங்க.