வானகரத்துக்குக் கிளம்பிய வண்டி

கன்டெய்னர் என்றால் அம்பத்தூரில் எல்லோருக்கும் லாரிதான் ஞாபகம் வரும். எனக்கு கன்டெய்னரில் வேலை என்று சொன்னபோது, எங்கள் கோவில்பதாகைத் தெருவில் பாதிப் பேர் என்னை டிரைவர் என்றே நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

உங்களுக்கு மட்டும் விளக்கிவிடுகிறேன் சார். எங்கள் கம்பெனி ஆப் மூலமாக ஆம்புலன்ஸ் அனுப்புகிறது. ஒரே புரோகிராமின் பல பிரதிகள் தனித்தனிப் பெட்டிகளுக்குள் ஓடும். பெட்டிதான் கன்டெய்னர், உள்ளே ஓடுவது நோட். வீட்டுக்காரர்களின் அழைப்பு ஒரு நோடுக்கு வரும். டிரைவரின் போன் வேறொரு நோடோடு பேசிக்கொண்டிருக்கும். இரண்டும் இணைந்திருந்தால்தான் வண்டி நகரும்.

அப்போதெல்லாம் எந்த நோட் எங்கே இருக்கிறது என்பதை நாங்களே கையால் எழுதிக் கொடுப்போம். எழுத மறந்தால் அந்த நோட் தனியாக நிற்கும். அவையே ஒன்றையொன்று தேடிச் சேரும்படி செய்துவிடலாம் என்று மேலாளர் கங்காதரனிடம் கேட்டேன்.

"அடுத்த மாசம் பாத்துக்கலாம் கிஷோர். இப்ப ஓடத்தான செய்யுது" என்றார்.

அதற்குள் என் அண்ணன் டில்லிபாபுவுக்கு நெஞ்சுவலி வந்தது. அண்ணி விஜியின் போனில் எங்கள் ஆப்பைப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். அவர் தெருமுனையில் நின்றுகொண்டு எனக்கு போன் செய்தார்.

"வண்டி தேடிகினே கீதுன்னு காட்டுது கிஷோரு. உங்கண்ணன் மூச்சு வுட முடியாம கீறாரு. இன்னா பண்றது?"

அவருடைய அழைப்பு, யாரோடும் சேராமல் நின்ற ஒரு நோடில் மாட்டியிருந்தது. அண்ணி ஆட்டோ பிடித்து ஆவடி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அண்ணன் போய்விட்டார்.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று மீட்டிங்கில் கங்காதரன், "ஒரு கால்தான் மிஸ் ஆயிருக்கு. பெருசா ஒண்ணுமில்ல" என்றார். அது யாருடைய அழைப்பு என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பார். அதை வாங்கி வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இணைப்பு வேலையை அவரே என்னிடம் கொடுத்தார். சுத்தமாகச் செய்தேன். ஒரு நோட் ஓடத் தொடங்கியவுடன், தன் பெயரையே ஒட்டிக்கொண்டிருக்கும் மற்ற நோடுகள் எவை என்று விசாரிக்கும், பொதுவான ரகசியச் சொல்லைச் சொல்லும், கூட்டத்தில் சேர்ந்துவிடும். சொல் சரியாக இருந்தால் மற்றவை வேறு எதுவும் கேட்காது. கங்காதரன் என் தோளில் தட்டினார்.

பிறகு அவருடைய அப்பா மனோகரன் தென்காசியிலிருந்து வானகரம் ஃபிளாட்டுக்கு வந்தார். இதய நோயாளி. சாப்பிடும்போது கங்காதரன் அதைச் சொல்லிக் கவலைப்படுவார். நானும் என்ன மாத்திரை, எந்த டாக்டர் என்று அக்கறையாக விசாரிப்பேன்.

அந்த வாரமே இன்னொரு நோட் எழுதினேன். அதே பெயர், அதே சொல். மற்றவை அதைச் சேர்த்துக்கொண்டன. வானகரத்து அழைப்புகளை அது வாங்கிக்கொள்ளும். எந்த டிரைவருக்கும் சொல்லாது. 'வண்டி கிளம்பிவிட்டது' என்று பதில் அனுப்பும், போய்ச் சேர்ந்ததாகவும் பதிவு செய்துவிடும். தேடுகிறோம் என்று காட்டினால் ஜனங்கள் ஆட்டோ பிடித்துவிடுவார்கள். கிளம்பிவிட்டது என்றால் வாசலில் நிற்பார்கள்.

ஒரு நாள் மதியம் கங்காதரனின் மனைவி லாவண்யா அவருக்கு போன் செய்தார். கங்காதரன் என் மேஜைக்கு வந்தார்.

"கிஷோர், அப்பாவுக்கு முடியல. வண்டி கெளம்பிட்டுன்னு காட்டுதாம். எங்க வருதுன்னு பாரேன்."

நான் திரையைப் பார்த்தேன். "பைபாஸாண்ட வந்துகினே கீது சார்" என்றேன்.

"வந்துரும்மா, அங்கயே நில்லு" என்று போனில் சொன்னார். சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டார். அதையேதான் சொன்னேன். பிறகு அவர் கேட்கவில்லை, படியில் இறங்கி ஓடினார்.

காரியத்துக்குப் போயிருந்தேன். கங்காதரன் என் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பு எங்கே நடந்தது என்று நீதான் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். சரி என்றேன்.

நிஷா என்ற பெண்ணைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கங்காதரன் வீட்டில் யார் போனிலிருந்து அழைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அதனால் வானகரம் முழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது, மனோகரனுக்கு முடியாமல் போகும்வரை காத்திருக்கவும் வேண்டியிருந்தது. அதற்கிடையில் மற்றவர்களும் அழைத்தார்கள். அந்தப் பெண் பிரசவ வலியோடு வாசலில் நின்றிருந்தார் என்பதே நீங்கள் சொல்லித்தான் தெரியும். அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது சார். அதை அவர் வீட்டில் சொல்லிவிடுங்கள். அவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.