இந்த ஓம் எந்த ஓம்?

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் சீவரத்தினம் ஐயா அவர்களே! அருகமர்ந்து ஆசி தரும் அருட்தந்தை அவர்களே! வங்காலைக் கடலோரத்துப் பெரியோரே! மீன்வாடியில் கருவாடு புரட்டிய கையைக் கழுவியும் கழுவாமலும் ஓடிவந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தாய்மாரே! இன்றைய விழா நாயகன், இணையத்து இளஞ்சிங்கம், தம்பி நிஷாந்தன் அவர்களே! பேப்பர்க்காரன் சரவணமுத்துவின் பணிவான வணக்கம்.

தம்பிக்குப் பொன்னாடை போர்த்திப் பாராட்டிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். பேசுகிறேன். ஆனால் முதலில் ஒன்று: எனக்குப் பொறாமை! பற்றி எரிகிற பொறாமை! நான் வெயிலில் சைக்கிள் மிதித்துச் சேர்த்த செய்தி பத்திரிகையின் மூலையில் வந்து, மறுநாள் மீன் சுற்றப் போய்விடும். தம்பி போனைத் தூக்கினால் பக்கத்து ஊர் மடுவிலும் பார்க்கிறார்கள், கனடாவிலும் பார்க்கிறார்கள். என் மனிசியே என் செய்தியை விட்டுவிட்டு அவருடைய வீடியோவைப் பார்க்கிறாள். எரியாதா எனக்கு? சிரியுங்கோ, நல்லாச் சிரியுங்கோ!

எந்த வீடியோவுக்கு இந்தப் பொன்னாடை? பொய் கண்டுபிடிக்கும் கருவியை ஊருக்குக் கொண்டுவந்த வீடியோவுக்கு! படகு இஞ்சின் ஒன்று களவு போனது. பக்கத்து வாடியில் வேலை செய்த தங்கச்சி ரஜிதாவில் சந்தேகம். ஒளிக்க ஒண்டுமில்லை எண்டு அவளே வந்து கதிரையில் இருந்தாள். விரலில் வயரைச் சுற்றினார்கள். கருவிக்காரர் தொடங்கினார்: "இஞ்சினை எடுத்தது..." ரஜிதா சொன்னாள்: "ஓம்." அவர் முடித்தார்: "...நீங்களா?" பதறினாள்: "ஐயோ, நான் இல்லை!" கருவியின் முள் துள்ளியது.

மறுநாள் தம்பியின் வீடியோவுக்குத் தலைப்பு என்ன? "ஓம் என்றாள் ரஜிதா! உண்மையைக் கக்க வைத்தது கருவி!"

தாய்மாரே, ஆர் கதைத்தாலும் ஓம், ஓம் எண்டு கேட்கிற ஆக்கள்தானே நாங்கள்? அது ஆமாம் என்ற ஒப்புதலா? "கேக்கிறன், சொல்லுங்கோ" என்பதல்லவா? கொழும்பிலிருந்து வந்த கருவிக்காரருக்கு அது தெரியாது. வங்காலையில் பிறந்த நிஷாந்தனுக்குமா தெரியாது?

ஆரது பின்வரிசையில்? முள் துள்ளினதுதானே என்கிறீர்களா? அந்த வயரை என் விரலில் சுற்றுங்கள்! இஞ்சினை எடுத்தாயா என்று கேளுங்கள்! இல்லை என்பேன், அது சத்தியம். ஆனால் அந்த நேரம் பார்த்து இந்தப் பொன்னாடை என் கண்ணில் படும். நெஞ்சு அடிக்கும்! கை வியர்க்கும்! முள் துள்ளும்! துள்ளியது என் களவா, என் பொறாமையா? பயத்துக்கும் துள்ளும், வெட்கத்துக்கும் துள்ளும், கோபத்துக்கும் துள்ளும். துடிப்பை அளக்கலாம், துடித்த காரணத்தை எந்தக் கருவி அளக்கும்? இதை ஒரு வரி, ஒரேயொரு வரி, எந்தச் செய்தி சொன்னது? இஞ்சினை எடுத்தது ஆர் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கருவிக்கும் தெரியாது.

இன்று ரஜிதாவை எந்த வாடியிலும் வேலைக்கு எடுக்கிறார்கள் இல்லை. கோயிலில் அவள் இருக்கும் வாங்கு இருக்கையில் வேறு ஒருவரும் இருப்பதில்லை. அதோ, கதவடியில் நிற்கிறாள். இத்தனை கதிரை வெறுமையாகக் கிடக்க, நிற்கிறாள்.

பொன்னாடை என் கையில் இருக்கிறது. தம்பி நிஷாந்தன், அந்தத் தலைப்புப் பிழை என்று, அதே சத்தத்தோடு, அதே சனத்துக்குச் சொல்லுவீங்களா?

ஆ! ஓம் என்கிறார்! பொறுங்கோ, பொறுங்கோ, கை தட்டாதீங்கோ. தம்பி, இந்த ஓம் எந்த ஓம்? செய்யிறன் எண்ட ஓமா, கேக்கிறன் எண்ட ஓமா?

எழும்பி வாறார். வாங்கோ, ஒலிவாங்கி இஞ்ச இருக்கு. பொன்னாடை பிறகு. ரஜிதா, நீங்கள் முன்னுக்கு வந்து இருங்கோ பிள்ளை. இவ்வளவு நேரமும் எனக்கு ஓம் போட்ட எல்லோருக்கும் நன்றி, வணக்கம். இனி அவர் சொல்லட்டும்.