போனஸ் பாட்டுக்கு ஒரு குரல்

— இல்லாத கொரலை எங்கிருந்துங்க நூருல்லாண்ணா கொண்டாறது? வேற புள்ளையப் பாருங்க.

— வேற புள்ள வேண்டாங்கறாங்க அம்மணி. நம்ம ‘நியான் நிலா’ கேசட்டை மறுபடி போடறாங்க, இந்தத் தடவை சி.டி.யா. அன்னிக்குப் பாடின மயிலாத்தாளே, அதான் நீங்களே, புதுசா ஒரு பாட்டும் பாடோணும்னு மெட்ராஸ் கம்பெனிக்காரங்க ஒத்தக் கால்ல நிக்கறாங்க. போனஸ் பாட்டாமா.

— போனஸ் தீவாளிக்குக் குடுக்கறதுங்க.

— பாட்டுக்கும் உண்டாம். பழைய சரக்கோட புதுசா ஒண்ணு சேர்த்தாத்தான் சனம் வாங்குதாம்.

— எம்பத்தாறுல கீபோர்டுல வாசிச்சுப் போட்ட கம்ப்யூட்டர் பாட்டை இப்ப யாருங்க கேக்கப் போறாங்க?

— நானும் அதான் கேட்டேன். காதர்பேட்டையில கட்பீஸ் வித்துட்டு உக்காந்திருக்கறவனைத் தேடி வந்து, நீங்கதான அந்தக் கீபோர்டு நூருல்லாங்கறாங்க. அந்தாளை நானே மறந்து போயிருந்தேன் அம்மணி.

— நீங்க மறந்துட்டீங்க. என்னைய மறக்க உடமாட்டேங்கறாங்களே. பனியன் கம்பெனிக்குச் சரக்கு வாங்க எந்த பையர் வந்தாலும் எங்க ஊட்டுக்காரரு சொல்றது ஒண்ணுதானுங்க. ‘இவ கொரலை கேசட்டுல கேட்டுத்தான் கட்டினேன். கட்டின பொறவு கொரல் போயிருச்சு, ஆளு மட்டும் நின்னுட்டா.’ எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே காபி குடுப்பனுங்க.

— லிங்கசாமி வெளையாட்டுக்குச் சொல்றாரு.

— வெளையாட்டுதானுங்க. தெனமும் வெளையாடறாரு.

— சரி, கேளுங்க அம்மணி. கொரல் போச்சு போச்சுங்கறீங்களே, எப்பப் போச்சு?

— குண்டடத்துக் கோயில் நோம்பியில உங்க கூடத்தானுங்க மேடையேறினேன். கேசட்டு நல்லா ஓடிட்டிருந்த சமயம். முதப் பாட்டு பாதியில சனம் கத்துச்சே, கேசட்டுக்காரியக் கூப்புடு, இவ யாருன்னு. நீங்க கீபோர்டைத் தூக்கிட்டு எறங்கினீங்க. மறந்துட்டீங்களா?

— அதை மறக்கலை.

— நாலு நாளு சளி, அதான்னு நெனச்சுக்கிட்டேன். சளி போச்சு, கொரல் வல்லீங்க. கண்ணாலத்துக்குப் பொறவு தயிரை உட்டேன், ஐஸை உட்டேன், மொளகுத் தண்ணியா குடிச்சேன். கோயமுத்தூர் டாக்டரு தொண்டையில லைட்டடிச்சுப் பாத்துட்டு, நல்லாத்தான இருக்குதுங்கறாரு. பஞ்சுத் தூசின்னாங்க மாமியா. அந்த கேசட்டைப் போட்டுக்கிட்டுக் கூடவே பாடிப் பாப்பேன், எட்டாதுங்க. அவ மேல, நான் கீழ. பொறவு உட்டுட்டேன். அது கெடக்கட்டுங்க, காபி ஆறுது.

— எட்டாதுங்க அம்மணி. யாருக்கும் எட்டாது. அந்தக் கொரலு உங்களுது இல்லை.

— என்னங்கண்ணா சொல்றீங்க? நான்தான பாடினேன்?

— நீங்கதான் பாடினீங்க. மெட்ராஸ்ல அந்த டேப்பைப் போட்டுப் பாத்த தம்பி எனக்குப் போன் பண்ணுச்சு. சார், உங்க கீபோர்டு சுதி எந்தக் கட்டைக்கும் ஒட்டாம ரெண்டுக்கும் நடுவுல நிக்குதே, ஏன்னுச்சு. அடியில கடகடன்னு என்ன சத்தம்னும் கேட்டுச்சு.

— நிட்டிங் மெசினுங்க அது. பொறவு எங்கூட்டுக்காரரு ஆனாரே, அவரு கம்பெனி செக்கிங் ரூம்ல, சுத்தியும் துணி ரோலை அடுக்கி வெச்சுட்டுத்தான பாடினோம்.

— ஆமா. அன்னிக்குக் கரண்டு இருந்துச்சா?

— எங்கிருந்துச்சு? ஜெனரேட்டர்தான்.

— அந்த ஒரே ஜெனரேட்டர்லதான் மெசினும் ஓடுச்சு, நம்ம டேப்பும் ஓடுச்சு. நாபகம் இருக்குதா, மெசின் எல்லாத்தையும் போட்டதும் பல்பு மங்குச்சே?

— பல்பு மங்கினா டேப்புக்கு என்னங்க?

— அதுவும் மெதுவாச் சுத்தியிருக்குது. மெதுவாச் சுத்தறப்பப் பதிஞ்சதை நல்ல கரண்டுல போட்டா வேகமா ஓடும். வேகமா ஓடினா கொரல் கீச்சுனு மேல ஏறிரும். ஊரே கேட்டது அதைத்தான். உங்க கொரல் இல்லை, ஜெனரேட்டர் முக்கின முக்கு.

— அது அன்னிக்கு யாருக்குமே தெரியலீங்களா?

— நான் கண்டுபுடிச்சிருக்கோணும். கேசட்டைப் போட்டுக் கூட ஒருக்கா வாசிச்சுப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். வாடகைக் கீபோர்டு, அப்பவே திருப்பிக் குடுத்துட்டேன்.

— கேசட்டு வந்தப்ப எனக்கே என்ற கொரலாட்டந் தெரியலைங்கண்ணா. மைக்குல போனா அப்படித்தான் இருக்கும், அவங்கவங்க கொரல் அவங்கவங்களுக்குத் தெரியாதுன்னு எல்லாருஞ் சொன்னாங்க. நம்பிக்கிட்டேன்.

— எல்லாருந்தான் நம்பினோம்.

— பாடறப்ப மெசினை நிறுத்தச் சொன்னேனுங்க. சொன்னனா இல்லையா?

— சொன்னீங்க. லிங்கசாமி தூத்துக்குடியில லோடு ஏத்திட்டிருந்தாரு. பாட்டுப் பாடிக்கங்க, மெசினை மட்டும் நிறுத்தாதீங்க, சிப்மென்ட் இருக்குதுன்னு போன்லயே சொல்லிட்டாரு.

— அப்ப அவரு கட்டினது யாரைங்க?

— அதுக்கு நான் என்ன சொல்லட்டும் அம்மணி? அந்தத் தம்பி வேகத்தைச் சரிபண்ணி ஒரு கேசட்டு அனுப்பியிருக்குது. போடட்டுமா?

— போடுங்க. அந்தச் சுச்சு லூசுங்க, அழுத்திப் புடிக்கோணும்.

— கேக்குதுங்களா?

— கேக்குதுங்க. சித்த நிறுத்துங்கண்ணா.

— நிறுத்திட்டேன். என்னாச்சு?

— இந்தக் கொரல்தாங்க எனக்கு இப்பவும் இருக்குது. சமையக்கட்டுல என்னைய மறந்து வாயில வந்துரும். வெளிய கேட்டா மறுபடி சிரிப்பாங்கன்னு குக்கர் சத்தம் போடறப்ப மட்டும் பாடுவேன். கெட்டுப்போன கொரல்னு நெனச்சனுங்க.

— கெடலை அம்மணி. நல்லாருக்குது. அழுதுருங்க, பரவால்லை.

— அழுகை வல்லீங்க. அவரு மேல கோவமும் வல்லீங்க. சலிப்பா இருக்குதுங்கண்ணா. ஒரு மெசினை ஒரு பொழுது நிறுத்தியிருந்தா நான் இத்தனை வருசம் பாடிட்டிருந்திருப்பேன்.

— இப்பப் பாடுங்க. அதுக்குத்தான வந்திருக்கறேன்.

— அவரு உடமாட்டாருங்க. அவருக்குப் புடிச்சது அந்தக் கீச்சுக் கொரலு. இதைக் கேட்டா, கட்டைக் கொரல்ல ஊர் மானத்தை வாங்கப் போறியாம்பாரு. இத்தனை வருசம் பேசாம இருந்தாச்சு, இனிச் சண்டை போடத் தெம்பில்லீங்க.

— நான் பேசறேன்.

— வேண்டாங்க. காரு சத்தம் கேக்குது, அவருதான். அதைப் பைக்குள்ள வெச்சிருங்க. ஐயோ, எடுக்கச் சொன்னா போட்டுட்டீங்களே.

— சுச்சு லூசுன்னு நீங்கதான சொன்னீங்க.

— அட, நூருல்லாவா! ரேடியோப் பொட்டியப் போட்டுக்கிட்டு ரெண்டு பேரும் கச்சேரி கேக்கறீங்களா?

— வாங்க லிங்கசாமி. நம்ம ‘நியான் நிலா’வை மறுபடி போடறாங்க. அதோட போனஸ் பாட்டுக்கு அம்மணியக் கேக்கலாம்னு…

— சித்த இருங்க நூருல்லா. பாட்டு ஓடுதில்ல. இது நம்ம பாட்டாச்சே. வேற புள்ளைய வெச்சுப் பாட வெச்சுட்டாங்களா?

— அது வந்துங்க லிங்கசாமி, இந்தப் பாட்டு…

— நூருல்லாண்ணா, நீங்க சும்மா இருங்க. அவரு கேக்கட்டும்.

— நல்லாத்தான் இருக்குது. பழைய கொரலு பொடிசு, காதுல குத்திட்டுப் போயிரும். இது அப்படியே உள்ள வந்து உக்காருது. பனியன்கம்பெனி வெச்சாலும் நமக்கும் பாட்டுத் தெரியுமில்ல. எந்தூருப் புள்ள நூருல்லா?

— இந்தப் பக்கந்தானுங்க.

— அப்பப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டு எதுக்கு அலையறீங்க? போனஸ் பாட்டுக்கும் இந்தப் புள்ளையவே போட்டிருங்க. மயிலாவைக் கேட்டுக்கிட்டு இருக்காதீங்க, அவளுக்குத்தான் கொரல் போயிருச்சே. நான் சொன்னன்னு அந்தப் புள்ளைகிட்டச் சொல்லுங்க.

— நானே சொல்லிக்கறனுங்க. மெட்ராசுக்கு என்னிக்கு வரோணும் நூருல்லாண்ணா?